போடிமெட்டு இறங்குகிறவர்களுக்கு: எந்த பிரேக், எப்படிப் பிடிப்பது

கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு மலைக்குக் கீழே, போடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் வாடகை சைக்கிள். இப்போது பழுது பார்ப்பதும் கொஞ்சம் வியாபாரமும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து ரோடு பைக் என்ற மெல்லிய டயர் சைக்கிளோடு வரும் பிள்ளைகள் மலை ஏறுவதற்கு முன்னால் காற்று அடிக்க நிற்பார்கள். பூப்பாறை, ராஜகுமாரிப் பக்கமிருந்து இறங்கி வரும் மலையாளப் பையன்கள் பஞ்சர் ஒட்ட நிற்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் கடை வாசலில் நின்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பிரேக்கில் வந்துதான் முட்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா, சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கா? ஒருவன் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால், இறங்கி வந்தவனின் வண்டியில் என்ன பிரேக் இருந்தது என்பதற்கு முன்னால் நான் பார்ப்பது இரண்டு விஷயம்: அந்த பிரேக்கின் தேய்மானம், அதை அவன் எந்த விரலால் எப்போது பிடிக்கிறான் என்பது. அதனால் வகையைப் பற்றிப் பின்னால் பேசுவோம். முதலில் கை.

முன் பிரேக்கைப் பிடிக்கப் பழகுங்கள்

நம் ஊரில் சின்ன வயதில் எல்லோருக்கும் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவ." அந்தப் பயம் முப்பது வயதிலும் போவதில்லை. மலை இறங்கி வந்த வண்டியைத் திருப்பிப் பார்த்தால் பின் பிரேக் கட்டை தகடு தெரியத் தேய்ந்திருக்கும்; முன் கட்டை புதுசு போல இருக்கும்.

வண்டி வேகம் குறையும்போது உங்கள் எடை முன் சக்கரத்துக்கு ஏறுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்துக்கு ரோட்டில் பிடி கிடையாது. அதை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும், அவ்வளவுதான். காய்ந்த சமதள ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆள் முன் பிரேக்கை ஒழுங்காகப் பயன்படுத்தினால் 13 மீட்டர் வாக்கில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இறக்கத்தில் இரண்டுமே இன்னும் நீளும். இதில் ஆபத்தைப் பார்த்துக் கை லீவருக்குப் போகும் ஒரு வினாடியைச் சேர்க்கவில்லை. அந்த ஒரு வினாடியிலேயே 11 மீட்டர் போய்விடுகிறது.

பழகுவதற்கு மலை வேண்டாம். காலியான மைதானமோ, வண்டி வராத சிமெண்ட் ரோடோ போதும். முதலில் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். நம் ஊர் வண்டியில் வலது கை முன் பிரேக் என்பதுதான் வழக்கம். அமெரிக்க வழக்கப்படி கோர்த்து வந்த வண்டியில் இடது கை முன் பிரேக். நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஏறுகிறவர்கள் இதைப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சீட்டின் பின்பக்கம் நகர்ந்து, கைமூட்டை லேசாக மடக்கி, உள்ளங்கையால் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுகிற மாதிரி ஊன்றிக்கொள்ளுங்கள். குப்புற விழுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக்கால் விழுவதில்லை. வண்டி நின்றுவிட, உடம்பு நிற்காமல் முன்னால் போவதால் விழுகிறார்கள். அப்புறம் முன் லீவரைத் திடீரென்று இழுக்காமல், பிழிகிற மாதிரி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பின் லீவரில் கொஞ்சமாக ஒரு விரல் இருக்கட்டும். பின் சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அதுதான் மணி: முன்னால் போதுமான அளவு பிடித்தாகிவிட்டது, சற்று விடு என்று அர்த்தம். இந்த மணி காதில் விழுகிற வரை பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

மணல், ஈரமான இலை, டீசல் சிந்திய இடம், இவற்றில் மட்டும் கதை மாறும். முன் சக்கரம் வழுக்கினால் காப்பாற்ற நேரமே இருக்காது. அங்கே பின் பிரேக், அதுவும் மெதுவாக. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் முன் பிரேக்கை அழுத்தக் கூடாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும்.

சூடு

மலை அடிவாரத்தில் இருக்கும் முந்தல் செக்போஸ்டிலிருந்து போடிமெட்டு வரை ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரம், 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது காலில் செலவழித்ததெல்லாம் இறங்கும்போது திரும்ப வரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 1,000 மீட்டர் இறக்கத்தில் வெளிவரும் சக்தி 8 லட்சம் ஜூலுக்கும் மேல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி உங்கள் ரிம்முக்கோ டிஸ்குக்கோ போகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. வேகமாகப் போனால் காற்றே பெரும்பகுதியைத் தின்றுவிடும், பிரேக்குக்கு வேலை குறைவு. மிக மெதுவாகப் போனால் சூடு மெல்லத்தான் உண்டாகும், ஆறவும் நேரம் இருக்கும். நடுவில் 30 கிலோமீட்டர் வாக்கில், பயந்து பயந்து, இரண்டு லீவரையும் லேசாகப் பிடித்துக்கொண்டே வருகிறவருக்குத்தான் பிரேக் அதிகமாகக் காயும். நிதானமாக வருகிறோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே கை பழகிய ஆள், நேர்ப்பாதையில் பிரேக்கை முழுக்க விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சால் காற்றை வாங்கி, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வேகம் இறங்கியதும் விட்டுவிட வேண்டும். பயம் இருப்பவர் 15 கிலோமீட்டரில் வரட்டும், தப்பே இல்லை. புலியூத்து போல வண்டி ஒதுக்க இடம் இருக்கிற பக்கம் நிறுத்தி ஆறவிட்டு வரட்டும். நிறுத்தியவுடன் டிஸ்க் தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். சூடான தகட்டில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், கோணிக்கொள்ளும்.

ரிம் பிரேக் வண்டியில் சூடு டியூபுக்குப் போகும். காற்று விரிந்து, டயர் ரிம்மை விட்டு எழும்பி டப்பென்று வெடிக்கும். ஆகவே டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்குக் காற்று அடித்துக்கொண்டு இறங்காதீர்கள், சற்றுக் குறைவாகவே வையுங்கள். கார்பன் ரிம்மாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் ஓர் அளவுக்கு மேல் சூடானால் இளகும், ரிம் விளிம்பு உப்பும். கார்பன் ரிம், ரிம் பிரேக், மலைக்குப் புதிய ஆள் என்ற மூன்றும் சேர்ந்து என் கடைக்கு வந்தால், மேலே போய்த் திரும்பும்போது ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தாரின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் காப் என்ற ஊருக்கு இறங்கும் வழியில், வெயிலில் இளகிய தாரில் ஜோசேபா பெலோகி என்ற வீரரின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. பசையால் ஒட்டிய டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. அந்த நேரத்தில் அவர் போட்டியில் மொத்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், பிரேக் பிடிக்கத் தெரியாதவர் அல்ல. சித்திரை, வைகாசி மதியத்தில் முந்தல் பக்கம் ஒட்டுப் போட்ட தார் கறுத்து மினுங்குகிற இடங்கள் இருக்கும். அங்கே பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்; நேராகக் கடந்துவிடுங்கள்.

சரி, எந்த பிரேக்?

ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக் போட்ட பழைய வண்டியைப் பற்றி இரண்டு வரி போதும். சமதளத்தில் பால் கேனோடு போக அது போதும். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் கட்டை சறுக்கிக்கொண்டே போகும். அந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம்.

ரோடு பைக்கில் வரும் டூயல் பிவட் காலிபர், அதாவது இடுக்கி போல ரிம்மைப் பிடிக்கும் ஒயர் பிரேக், நல்ல பிரேக். டிஸ்க் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் ரிம்மும் ஒரு பெரிய டிஸ்க்தான்; சக்கரத்தின் விளிம்பிலேயே பிடிப்பதால் கொஞ்சம் விசையே போதும். காய்ந்த ரோட்டில் ஒழுங்காக வைத்திருக்கும் காலிபரும் டிஸ்கும் இரண்டுமே பின் சக்கரத்தைத் தூக்கிவிடும் அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் எந்த பிரேக்காலும் பயனில்லை. அப்படியானால் டிஸ்கின் லாபம் எங்கே? மழையில், விரல் வலிக்காமல் அளவாகப் பிடிப்பதில், ரிம் தேயாமல் இருப்பதில், 30 மில்லிமீட்டர் டயர் போட இடம் கிடைப்பதில்.

இந்தச் சண்டை பெரிய ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. 2016இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் டிஸ்க் தகடு தன் காலை வெட்டியது என்று பிரான் வென்டோசோ என்ற வீரர் சொன்னதும், உலக சைக்கிள் சம்மேளனம் அப்போது நடந்துகொண்டிருந்த டிஸ்க் சோதனையை நிறுத்திவைத்தது. 2018 ஜூலையிலிருந்துதான் முழு அனுமதி. 2021இல்கூட கிறிஸ் புரூம், டிஸ்க் உரசுகிறது, நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கோணுகிறது என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். நான்கு முறை டூர் ஜெயித்தவர், பின்னால் மெக்கானிக் கார் வருகிற ஆள், அவருக்கே அப்படி. நமக்குப் பின்னால் வருவது ஏலக்காய் ஜீப்தான்.

அதனால் நான் வாங்க வருகிறவர்களிடம் கேட்பது இது: மழையில் ஓட்டுவாயா? உன் ஊரில் இதைப் பிரித்து மாட்ட ஆள் இருக்கிறதா? ஆனி, ஆடி மழையில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தினமும் ஓட்டுகிறவன் ஒயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் வாங்கட்டும், யோசிக்கவே வேண்டாம். போடி, கம்பம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கில் ஓட்டிவிட்டு மாதம் ஒருமுறை மலை ஏறுகிறவனுக்குக் காலிபரே தாராளம்; ஒயரையும் கட்டையையும் எந்த ஊரிலும் மாற்றலாம். இரண்டும் கலந்து வேண்டும் என்றால் ஒயரில் இழுக்கும் நல்ல டிஸ்க். அதில் பெரும்பாலும் ஒரு பக்கக் கட்டைதான் நகரும், மறுபக்கக் கட்டை தேயத் தேய அதை ஆலன் சாவியால் நாமே உள்ளே தள்ள வேண்டும். அதைச் செய்யாமல் "டிஸ்க் பிடிக்கல அண்ணே" என்று வருவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மலிவு விலையில் கியர் சைக்கிளில் அழகுக்காக மாட்டி வரும் மெல்லிய தகட்டு டிஸ்கைவிட, இரண்டு நீளக் கையால் ரிம்மைப் பிடிக்கும் நல்ல வி-பிரேக் எவ்வளவோ மேல். பையனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வருகிற அப்பாக்கள் டிஸ்க் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். தகடு கோணினால் உரசும், உரசுகிறது என்று தளர்த்தினால் பிடிக்காது, கடைசியில் பையன் காலால் நிறுத்துவான். இன்னொன்று, ரோடு பைக் லீவரோடு வி-பிரேக்கைச் சேர்க்க வேண்டாம். அந்த லீவர் இழுக்கும் ஒயர் நீளம் வி-பிரேக்குக்குப் போதாது.

மழை நாள்

தென்மேற்குப் பருவத்தில் இந்த மலைக்கு இரண்டு முகம். மெட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டும். இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று பேயாக அடிக்கும். மேலே நனைந்த ரிம்மோடு இறக்கத்தைத் தொடங்குவீர்கள். ரிம் பிரேக்கில் முதல் சில சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும், அதன் பிறகுதான் பிடிக்கும். ஆகவே வளைவு தெரிவதற்கு முன்னாலேயே கட்டையை லேசாகத் தொடவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். உயரமான ரிம் போட்டவர்கள் ஆடிக் காற்றில் வளைவு திரும்பும்போது ஹேண்டில்பார் பக்கவாட்டில் இழுக்கும் என்பதை எதிர்பார்த்து இருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை இந்தப் பக்கம் வரும், மேலே பனிமூட்டமும் சேரும். ஈரத்தில் வெள்ளைக்கோடு சோப்பு தேய்த்த தரை, அதன் மேல் திரும்பாதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

மழையில் ஓட்டி வந்த அன்று ரிம் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துகள் பொடிப்பொடியாகக் குத்தியிருக்கும். ஊக்கு முனையால் நோண்டி எடுங்கள். எடுக்காவிட்டால் அந்தத் துகளே ரிம்மை அறுக்கும்.

ரோட்டில் யார் யார்

விடிகாலையில் போடி, தேவாரம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிய ஜீப்புகள் மேலே போகும், சாயங்காலம் அதே வண்டிகள் வீடு திரும்பும் அவசரத்தில் இறங்கும். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், அதனால்தான் வேகம். பின்னால் ஹாரன் கேட்டால் நேர்ப்பாதையில் இடப்புறம் ஒதுங்கி வழிவிடுங்கள்; வளைவுக்குள் ஒதுங்க வேண்டாம், அங்கே மட்டும் உங்கள் தடத்தின் நடுவில் இருங்கள், இல்லையென்றால் உங்களைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு முந்துவார்கள். மதியத்துக்குள் இறங்கிவிடுவது உத்தமம்.

பஸ் கொண்டை ஊசியில் திரும்ப முழு ரோடும் வேண்டும். கீழிருந்து பஸ் ஏறுவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சாலை விதி. இறங்கும் சைக்கிளும் அதன்படியே நடக்கட்டும். இறங்கும் பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம். குரங்குக்குப் பழம் போட யாராவது காரை வளைவிலேயே நிறுத்தியிருப்பார்கள், பஸ் சட்டென்று நிற்கும். வளைவின் உள்பக்கம் ஏற்றத்தில் திணறும் லாரி சிந்திய டீசலும், டயர் பறித்த ஜல்லியும் கிடக்கும். சற்று வெளியே தள்ளித் திரும்புங்கள். திரும்பும்போது வெளிப்பக்க பெடல் கீழே, கண் வளைவின் முடிவில்.

ஐயப்பன் சீசனில் குமுளிப் பக்கம் சைக்கிளை எடுக்காதீர்கள். லோயர் கேம்பிலிருந்து மேலே வரை வண்டிதான், தூங்காமல் ஓட்டி வரும் டிரைவர்கள்தான்.

மெட்டில் டீ குடித்த பிறகு

இறங்குவதற்கு முன்னால், கிளாஸைக் கீழே வைத்த கையோடு இவற்றைப் பாருங்கள். லீவரை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. ஒயர் வண்டியில் லீவர் பக்கம் ஒயரின் ஒரு இழை பிரிந்திருந்தாலும் இறங்காதீர்கள். பெரும்பாலும் தலைப்பகுதியில்தான் அறும், அதுவும் நன்றாக அழுத்துகிற நேரத்தில்தான் அறும். ரிம்மில் தேய்மானம் காட்டும் சின்னக் குழி மறைந்திருந்தால் ரிம் முடிந்தது. சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள், பெண்டு இருந்தால் கட்டை விட்டு விட்டுத்தான் பிடிக்கும். கட்டை டயரை உரசுகிறதா என்று பாருங்கள், டயரைத் தொட்டால் ஒரே இறக்கத்தில் அறுத்துவிடும்.

டிஸ்க் வண்டியில் ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் லீவர் இருந்தால் அது இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். முன் டிஸ்க் பிடிக்கும் விசை ஆக்சிலை ஃபோர்க்கிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். திறந்த லீவர் தகட்டில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காக 2015இல் டிரெக் நிறுவனம் லட்சக்கணக்கான சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. இப்போது வரும் வண்டிகளில் ஃபோர்க்கின் ஊடே செருகித் திருகும் ஊடு ஆக்சில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுக் கட்டை மாட்டியவுடன் நேராக மலைக்கு வராதீர்கள். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது தடவை போலப் பிடித்துப் பிடித்து விடுங்கள். தகட்டில் கட்டையின் பொருள் சீராகப் படிய வேண்டும். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்கில் பட்டால் அந்தக் கட்டை குப்பைக்குத்தான். கீச்சுச் சத்தம் வருகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவியவரும் இருக்கிறார். சத்தம் போயிற்று, பிரேக்கும் போயிற்று. காரில் ஏற்ற முன் சக்கரத்தைக் கழற்றினால் கட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவையுங்கள். வெறுமனே லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஹைட்ராலிக் வண்டிக்காரர்கள் உங்கள் பிரேக்குக்கு எந்த எண்ணெய் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் ரோடு பிரேக்குகளில் பெரும்பாலும் மோட்டார் வண்டி பிரேக்குக்கு ஊற்றும் டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கெட்டுவிடும். மோட்டார் பைக் மெக்கானிக்கிடம் போய் "பிரேக் ஆயில் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டால் அவர் நல்லெண்ணத்தோடு டாட்டைத்தான் ஊற்றுவார். என் கடையில் மினரல் ஆயில் வைத்திருக்கிறேன், டாட் வண்டிக்கு ஊசியும் குழாயும் நீங்கள் கொண்டுவர வேண்டும். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்துவிடுவேன்.